நாற்பத்தொன்றாம் டோக்கன்

கையெழுத்துப் போடுவதற்கு முன் எதையும் இரண்டு முறை படிப்பவன் நான், மேடம். அதனால் கொஞ்சம் நேரமாகும். என் மனைவி உயிரோடு இருந்தபோது மளிகைச் சீட்டைக்கூட இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். நீங்கள் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகச் சொல்கிறேன். கடைசியில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை யாரும் இழுத்து வரவில்லை. ஹசிந்தோவுக்காக வந்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை அவன் நீதிமன்றத்தில் நின்று, 'ஆமாம், என் கவனக்குறைவுதான்' என்று ஒப்புக்கொள்ளப் போகிறானாம். தன் தங்கை புருஷன் அன்செல்மோ செத்ததற்குத் தான்தான் காரணம் என்று அவனே நம்புகிறான். அந்தத் தங்கை நெரெய்டா பதினான்கு மாதமாக அண்ணன் முகத்தில் விழிக்கவில்லை. செய்யாத ஒன்றை ஒரு மனிதன் சுமப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. நான் அப்படி வளர்ந்தவனல்ல.

கேட் பலகையிலிருந்து நாற்பத்தொன்றாம் எண் டோக்கனை எடுத்தது யார் என்பதுதானே உங்கள் கேள்வி. வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

நான் வேலை கற்றது இந்த நாட்டின் கிழக்குக் கடற்கரையில், அரசாங்க ஏவுதளத்தில். முப்பத்தொரு வருடம். அங்கே ஒரு வால்வை ராக்கெட்டில் பொருத்துவதற்கு முன் நான்கு வருடம் அதைப் பற்றிப் பேசுவோம். எது கெடலாம், அது கெட்டால் அடுத்து எது கெடும் என்று கிளை கிளையாகப் படம் போடுவோம். அந்தப் படம் போடுவதுதான் என் வேலை. காகிதத்தில் ஆயிரம் ராக்கெட்டை எரித்துவிட்டுத்தான் நிஜத்தில் ஒன்றை அனுப்புவோம். ஆழம் பார்த்துக் காலை விடுகிற கூட்டம். வருடத்துக்கு ஒன்று மேலே போனாலே அதிகம்.

ஓய்வு பெற்ற பிறகு டெக்சாஸின் தென்கோடிக்கு வந்தேன். ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கம், உப்புச் சதுப்பில், இந்தத் தனியார் கம்பெனி அப்போதுதான் கொட்டகை போட்டிருந்தது. பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதனால் என்னை வைத்துக்கொண்டார்கள். இங்கே நடைமுறையே வேறு. திங்கட்கிழமை வரைந்ததை வியாழக்கிழமை வெல்டிங் செய்வார்கள், அடுத்த வாரம் உடைத்துவிடுவார்கள். ஏன் உடைந்தது என்று பார்த்துவிட்டு இன்னொன்று செய்வார்கள். விழுந்து எழுந்தால்தான் நடை வரும் என்கிற கட்சி. நான் சேர்ந்த முதல் வருடத்தில் மட்டும் ஏழு தொட்டிகள் வெடித்தன. ஒவ்வொன்று வெடிக்கும்போதும் கட்டுப்பாட்டு அறையில் கைதட்டல் கேட்கும். பிறகு கிழிந்த எஃகிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, தேதி போட்டு, அன்று வேலை பார்த்த எல்லாரும் அதில் பெயர் கிறுக்கி, கேன்டீன் சுவரில் மாட்டுவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பாடம். முதல் பாடம், இரண்டாம் பாடம் என்று ஏழு பாடமும் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த முறை தப்பு என்று நான் சொல்லவரவில்லை, மேடம். நாங்கள் நான்கு வருடம் பேசிக் கண்டுபிடித்ததை இவர்கள் நான்கு மாதத்தில் உடைத்துக் கண்டுபிடித்தார்கள். ஏழு தொட்டி போயிற்று, ஒருவனுக்கு நகக்கண்ணில்கூட அடி இல்லை. அதை நான் மனதாரப் பாராட்டினேன்.

சோதனைகளை நடத்துகிறவள் டெலேனி. முப்பத்தாறு வயது. மூளை கத்தி. முதல் நாள் கூட்டத்தில் என் கோப்புகளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஓரின், ஒங்க ஊர்ல ராக்கெட் எதுல பறக்கும்? பேப்பர்லயா?"

"பேப்பர்லதான். அதான் கீழ விழல."

"மேலயும் போகலையே, பெருசு."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து என் பெயர் பெருசு. கேலி செய்ததற்காக நான் எதையும் செய்யவில்லை என்று இந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

இனி டோக்கன். தொட்டி நிற்கிற மேடைக்குப் போக ஒரே ஒரு கேட். கேட்டில் ஆணி அடித்த பலகை. உள்ளே போகிறவன் தன் எண் போட்ட பித்தளை டோக்கனை ஆணியில் மாட்ட வேண்டும், வெளியே வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியானால் உள்ளே ஆளில்லை என்று அர்த்தம். ஒன்றரை மைல் தள்ளி இருக்கிற கட்டுப்பாட்டு அறையில் கேமரா வழியாகப் பலகையைப் பார்ப்பார்கள். காலி என்றால் வால்வைத் திறப்பார்கள். முறை அவ்வளவுதான்.

இங்கே வேலை செய்கிறவர்கள் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் உறவு. அண்ணன் தம்பி, மாமன் மச்சான். ஒரே வண்டியில் வந்து ஒரே வண்டியில் போவார்கள். வண்டியை ஓட்டுகிறவன் கேட்டில் இறங்கி எல்லாருடைய டோக்கனையும் கை நிறைய அள்ளிக்கொண்டு ஏறுவான். ஆளுக்கு ஆள் இறங்கி ஏறினால் டீசல் வீண், சாப்பாட்டு நேரமும் வீண். அன்பினால் செய்கிற காரியம்தான். ஆனால் அள்ளுகிறவன் டோக்கனை எண்ணுகிறானே தவிரத் தலையை எண்ணுவதில்லை. ஹசிந்தோ தன் மாப்பிள்ளையின் டோக்கனைச் சேர்த்து எடுக்காத நாளே கிடையாது. அன்செல்மோ உள்ளே இருக்கும்போதே அவன் டோக்கன் ஹசிந்தோவின் வண்டியில் இருந்ததை நான் இரண்டு தடவை பார்த்தேன். மற்றவர்களையும் சேர்த்தால் பதினொரு தடவை. தேதி, மணியோடு குறித்து வைத்தேன்.

அறிக்கை எழுதினேன். தீர்வும் எழுதினேன். சாவிப் பெட்டி. உள்ளே போகிற ஒவ்வொருவனும் பெட்டியிலிருந்து ஒரு சாவியை எடுத்து இடுப்பில் பூட்டிக்கொள்வான். எல்லாச் சாவியும் பெட்டிக்குத் திரும்பினால்தான் வால்வுக்கு மின்சாரம் போகும். எளிய சாதனம். மூன்று வாரம் வேலை நிற்கும், அவ்வளவுதான். அந்த அறிக்கையில் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரே ஒருவன் முன்வந்தான். அன்செல்மோ. மற்றவர்கள், 'போய்யா பெருசு, ஒனக்கு வேற வேலை இல்ல' என்று போய்விட்டார்கள். அன்செல்மோ உட்கார்ந்து முழுதும் படித்தான். உதடு அசைய அசைய, மெதுவாக. படித்துவிட்டு, "இது எங்க மச்சான் தலைய உருட்டற மாதிரி இருக்கு சார், ஆனா நெசந்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

டெலேனி அதை நின்றபடியே புரட்டினாள்.

"பதினோரு தடவ நடந்திருக்கு. யாருக்காச்சும் எதாச்சும் ஆச்சா?"

"இல்ல."

"அப்ப பலகை வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

"வேலை செய்யல, டெலேனி. இன்னும் மாட்டிக்கல. அவ்வளவுதான்."

"இது ஒங்க பழைய எடம் இல்ல, பெருசு. இங்க பேப்பரக் காட்டி யாரும் மூணு வாரம் நிறுத்த முடியாது. ஒடைச்சுக் காட்டுங்க. அன்னைக்கே மாத்திடறேன்."

உடைத்துக் காட்டுங்கள் என்றாள். அது அவள் வாயிலிருந்து வந்த சொல். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் முழுக்க நான் யோசித்தேன். பழைய இடத்தில் ஒரு தடித்த விதிப் புத்தகம் இருந்தது. நான் சேர்ந்த வருடம் ஒரு வெல்டர், வாயு தேங்கியிருந்த அறைக்குள் தனியாகப் போய்ச் சுருண்டு விழுந்து செத்தான். நான்கு மாதம் கழித்துப் புத்தகத்தில் ஒரு வரி ஏறியது: தனியாக உள்ளே போகக் கூடாது. அதற்கு முன் நாங்கள் பேசாமலா இருந்தோம்? பேசிக்கொண்டுதான் இருந்தோம். படமும் போட்டிருந்தோம். ஆனால் வரி ஏறியது அவன் செத்த பிறகுதான். புத்தகத்தைத் திரும்ப மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். காகிதத்தில் யோசித்துக் கண்டுபிடித்த விதிகள் என்று நாங்கள் பெருமைப்பட்டவற்றில் முக்கால்வாசிக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இவர்கள் பொருளை உடைத்துக் கற்கிறார்கள். நாங்கள் ஆளை உடைத்துக் கற்றோம், அழகாக எழுதி வைத்தோம். பட்டால்தான் தெரியும் என்பதில் இரண்டு பேரும் ஒன்று.

இந்தக் கம்பெனியில் எல்லாவற்றையும் சோதித்திருந்தார்கள். தொட்டியை, குழாயை, வெல்டிங்கை. பலகையை மட்டும் சோதிக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள் அதே பழக்கத்தோடு பன்னிரண்டு பேரை மேலே அனுப்பப் போகிறார்கள். இப்போது ஒருவனா, பிறகு பன்னிரண்டு பேரா? நீங்களே சொல்லுங்கள். இது குழந்தைக் கணக்கு.

அக்டோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை. எட்டாவது தொட்டி. திரவ நைட்ரஜனை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், எந்த அழுத்தத்தில் கிழிகிறது என்று பார்க்கிற சோதனை. கிழிய வேண்டும் என்பதுதான் சோதனையே. கிழியாவிட்டால் வருத்தப்படுவார்கள்.

தொட்டிக்கு அடியில் ஆளுயரத்துக்கு ஒரு எஃகு வளையம் உண்டு. அதற்குள் போகச் சின்னக் கதவு. அந்த வளையத்துக்கு எல்லாரும் வைத்த பெயர் பாவாடை. எஃகு எவ்வளவு இழுபடுகிறது என்று காட்டுகிற சென்சார்கள் அதன் உள்பக்கம் ஒட்டியிருக்கும். அன்று காலை முதல் ஒன்பதாம் சென்சார் எதுவும் காட்டவில்லை. டெலேனி, ஒன்று போனால் போகட்டும் என்றாள்.

ஒரு மணிக்கு ஹசிந்தோவின் வண்டி கிளம்பியது. அன்செல்மோ வெல்டர்களோடு வருவான் என்று ஹசிந்தோ நினைத்துக்கொண்டான். அன்று அவசரத்தில் அள்ளியபோது நாற்பத்தொன்று ஆணியிலேயே தங்கிவிட்டது. வெல்டர்கள் அவன் மச்சானோடு போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் மேடையில் கருவிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான். பாதுகாப்பு அதிகாரி கடைசியாக ஒரு சுற்றுப் போக வேண்டும் என்பது விதி. நான் போனேன்.

"ஒன்பதாம் நம்பர் படிக்க மாட்டேங்குது, அன்செல்மோ. பாவாடைக்குள்ள போய் ஒரு திருகு திருகிட்டு வந்துரு."

"மச்சான் வண்டி போயிருச்சே சார்."

"நான் கேட்ல நிக்கறேன். என்னோட வந்துரு. நீ வராம ஆரம்பிக்க விடமாட்டேன்."

"நீங்க இருந்தா சரி" என்றான்.

ஏன் அவன் என்று கேட்பீர்கள். குறிப்பாக ஒன்றுமில்லை. வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் 'நாளைக்குப் பாத்துக்கலாம் பெருசு' என்று வண்டி ஏறியிருப்பார்கள். நான் சொன்னால் செய்கிறவன் அவன் ஒருவன்தான்.

கேட்டுக்கு வந்தேன். என்னுடையதை எடுத்த பிறகு பலகையில் ஒரே டோக்கன், அன்செல்மோவுடையது. நாற்பத்தொன்று. வெயிலில் சூடாக இருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பலகையைப் பார்க்கிற கேமரா நிமிடத்துக்கு ஒரு படம்தான் எடுக்கும். இடையில் யார் எடுத்தாலும் தெரியாது. அதைப் பற்றியும் நான் எழுதியிருந்தேன்.

நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள், மேடம். அந்த நிமிடத்தில் என் திட்டம் வேறு. கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் சரி சொன்ன பிறகு, வால்வைத் திறக்கப் போகிற நேரத்தில், நான் எழுந்து டோக்கனை மேசையில் வைத்து, 'நிறுத்துங்க, உள்ள ஆள் இருக்கான்' என்று சொல்லப் போகிறேன். அவர்கள் முகம் வெளிறும். பலகை உடைந்துவிட்டது என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்த அறையில் யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று சொல்லலாம், சொன்னால் நின்றாக வேண்டும். அது ஒன்றுதான் எங்கள் பழைய இடமும் இந்த இடமும் ஒரே மாதிரி வைத்திருந்த வழக்கம்.

டெலேனி ஒவ்வொரு மேசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"நைட்ரஜன்?"

"போகலாம்."

"அழுத்தம்?"

"போகலாம்."

"பலகை?"

"காலி. போகலாம்."

"பாதுகாப்பு?"

அறை என்னைப் பார்த்தது. பேன்ட் பையில் ஒரு கையை விட்டபடி நின்றிருந்தேன். சோதனை, ஒத்திகை எல்லாம் சேர்த்து, என் வாழ்நாளில் அந்தக் கேள்விக்கு நானூறு தடவைக்கு மேல் பதில் சொல்லியிருக்கிறேன்.

"போகலாம்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வினாடியில்தான் அது தோன்றியது. இப்போது நிறுத்தினால் டெலேனி என்ன சொல்வாள்? 'பாத்தீங்களா, கண்டுபிடிச்சிட்டோம். கடைசித் தடுப்பு வேலை செஞ்சிருச்சு' என்பாள். பன்னிரண்டாவது தடவை என்று என் நோட்டில் ஏறும். இன்னொரு அறிக்கை. பாதியில் நிறுத்திய சோதனை சோதனையே இல்லை. அதை அவர்களிடம்தான் கற்றேன்.

வால்வு திறந்தது. முன்பெல்லாம் திறப்பதற்கு முன் மேடையில் சைரன் ஊதும். ஏழாம் பாடம் வெடித்தபோது சைரன் கம்பமும் சேர்ந்து போயிற்று, நிமிர்த்த ஆளில்லை. அதைப் பற்றியும் எழுதியிருந்தேன்.

ஐந்து நிமிடம் இருக்கும். ஒன்பதாம் சென்சாரின் கோடு திரையில் எழுந்தது.

"அட, ஒன்பது வந்துருச்சு" என்றான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

"தானா சரியாயிருச்சா? இன்னைக்கு நம்ம நாள்டா" என்றாள் டெலேனி. இரண்டு பேர் மேசையைத் தட்டினார்கள்.

தானாக எதுவும் சரியாவதில்லை. அவன் திருகி முடித்துவிட்டான் என்று எனக்கு மட்டும் தெரியும். சொன்ன வேலையைச் செய்துவிட்டான்.  

தொட்டியைச் சுற்றி வெள்ளைப் புகை இறங்க ஆரம்பித்தது. குளிர்ந்த நைட்ரஜன் கனமானது, தரையோடு தவழும், பள்ளம் தேடி நிற்கும். கேமராவில் பாவாடை மறைந்தது. அந்தச் சின்னக் கதவு காற்றடித்தால் தானாகச் சாத்திக்கொள்ளும், கொண்டி வெளியே விழும். நான் சாத்தவில்லை. அன்று கடலிலிருந்து நல்ல காற்று. கதவைப் பற்றியும் எழுதியிருந்தேன்.

பிறகு ஒன்பதாம் கோடு துள்ளியது. மூன்று துள்ளல். ஓர் இடைவெளி. மறுபடி மூன்று.

"என்னது அது?" என்றாள் டெலேனி.

"வயர்ல எதோ எரைச்சல். வடிகட்டிடவா?"

"வடிகட்டிடு."

அவன் ஏதோ விசையை அழுத்தினான். அதற்குள் மேலும் மூன்று வந்துவிட்டது. மொத்தம் ஒன்பது தட்டல், நான் எண்ணினேன். பிறகு கோடு நேராகப் போயிற்று. வடிகட்டியதாலா, இல்லை உள்ளே நின்றுவிட்டதாலா என்று எனக்குத் தெரியாது. மூச்சுக்குக் காற்றில்லாத இடத்தில் ஒருவன் அரை நிமிடம்கூட நினைவோடு இருக்கமாட்டான். வலியும் தெரியாது. நெரெய்டாவிடம் இதை யாராவது சொன்னால் நல்லது.

நாற்பது நிமிடம் கழித்துத் தொட்டி கிழிந்தது. எதிர்பார்த்ததைவிட எட்டு சதவீதம் அதிக அழுத்தம் தாங்கியது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் கவனிப்பார்கள்.

கேன்டீனில் ஹசிந்தோ தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் காகிதத்தில் சுற்றிய இன்னொரு பொட்டலம். முட்டையும் பீன்ஸும் வைத்த ரொட்டி, நெரெய்டா காலையில் கட்டிக் கொடுத்தது.

"மாப்ளய எவனாச்சும் பாத்தீங்களா? இவன் வந்தாத்தான் நான் திங்கணும். என் தங்கச்சி கையால ஆறிப்போன ரொட்டிதான் இவன் தலையெழுத்து."

ஒரு வெல்டர் சொன்னான்: "ஒன் வண்டிலதான வந்தான்?"

"என் வண்டிலயா? ஒங்க கூடல்ல வந்தான்."

 ஹசிந்தோ எழுந்தான், தன் வண்டிக்கு ஓடினான். கேட்டில் அள்ளின டோக்கன்களை முன்கண்ணாடிக்குக் கீழே கொட்டி வைப்பது அவன் வழக்கம். கையால் கிளறினான். நாற்பத்தொன்று அதில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் போட்ட சத்தத்தை நான் மறக்க மாட்டேன்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் வழியில் அவன் வண்டியருகே நிறுத்தி, டோக்கனை அதில் போட்டது நான்தான். டோக்கன் எங்காவது இருந்தாக வேண்டும் அல்லவா? என் பதினொரு குறிப்புகளின்படி அது இருக்க அதிக வாய்ப்புள்ள இடம் அந்த வண்டிதான். சோதனை இயல்பாக இருக்க வேண்டும். ஆமாம், அது போகும் வழியில். 'நிறுத்து' என்று சொல்லப் போகிற திட்டத்தோடு நான் அறைக்குள் நுழைவதற்கு முன்னால். டோக்கனை மேசையில் வைத்துக் காட்டுவதாகச் சொன்னேனே என்கிறீர்கள். வரிசை கொஞ்சம் மாறியிருக்கலாம். பதினான்கு மாதம் ஆயிற்று.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு விட்டுப்போயிற்று என்று ஆகக் கூடாது. ஒன்பதாம் சென்சாரின் இணைப்பை அன்று காலையில் தளர்த்தியது நான். அன்செல்மோவின் ரேடியோவும் என்னிடம் இருந்தது. என்னுடையதில் சார்ஜ் இல்லை என்று கேட்டேன், கொடுத்தான். அறையில் பேன்ட் பைக்குள் நான் பிடித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

இவ்வளவுக்கும் பலன் என்ன தெரியுமா, மேடம்? எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். கம்பெனி அறிக்கை மூன்றே பக்கம். காரணம்: ஒரு தொழிலாளி இன்னொருவரின் டோக்கனைக் கவனக்குறைவாக எடுத்தது. தீர்வு: அந்தத் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்குவது, கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவது. 'உங்கள் டோக்கனை நீங்களே எடுங்கள்.' இரண்டு மொழியில். சாவிப் பெட்டி என்ற சொல்லே இல்லை. நான் டெலேனியிடம் போனேன். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"ஒடைச்சுக் காட்டச் சொன்னியே" என்றேன்.

"என்ன சொல்றீங்க ஓரின்? ஒரு ஆளு பண்ண தப்பு அது. ஹசிந்தோ பண்ண தப்பு. பலகை என்ன பண்ணும்?"

பத்தொன்பதாம் நாள் ஒன்பதாவது தொட்டி மேடை ஏறியது. கண்ணெதிரே கிடைத்த பாடத்தைத் தப்பாக எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். வருகிற வசந்தத்தில் ஆட்களை அனுப்புகிறார்கள். அதனால்தான் வந்தேன். ஹசிந்தோவுக்காகவும்தான்.

அவ்வளவுதான். நீங்கள் எழுதியதைக் கொடுங்கள், படிக்கிறேன்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

"ஒண்ணு கேக்கலாமா, மிஸ்டர் ஓரின்?"

கேளுங்கள்.

"ஹசிந்தோ மறதியா எடுத்தார்னா பலகை மேல குறை சொல்லலாம். நீங்க வேணும்னே எடுத்திருக்கீங்க. இதுல பலகையோட தப்பு எங்க இருக்கு? ஒரு கொலகாரன் புகுந்துட்டான், முறையில குத்தமில்லன்னு கம்பெனி சொல்லும். நோட்டீஸையும் கிழிச்சிடுவாங்க."

சாவிப் பெட்டி இருந்திருந்தால்...

"இருந்திருந்தா? ரேடியோவக் கேட்டீங்க, குடுத்தார். சாவியக் கேட்டிருந்தா அதையும் இடுப்புலேருந்து கழட்டிக் குடுத்திருப்பார்."

மன்னிக்கவும், தண்ணீர் கிடைக்குமா?

நீங்கள் சொல்வது சரி. நான் போட்ட படத்தில் எல்லாக் கிளையும் இருந்தது. அள்ளுகிறவன் இருந்தான், கேமரா, சைரன், கதவு, காற்று எல்லாம் இருந்தன. நான் இல்லை. முப்பத்தொரு வருடம் படம் போட்டவன், இவ்வளவு பெரிய கிளையை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. இந்த வாக்குமூலம் இப்படியே போனால் பலகை குற்றமற்றது என்று ஆகிவிடும். சாவிப் பெட்டி எந்தக் காலத்திலும் வராது. அன்செல்மோ செத்தது வீணாகிவிடும். அதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது, மேடம்.

அந்தத் தாள்களை இப்படிக் கொடுங்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

புதிதாக ஒரு தாளில் ஆரம்பியுங்கள். நாற்பத்தொன்றாம் டோக்கனை எடுத்தது ஹசிந்தோதான்.